நம் மண்ணின் மரமே நம் மக்களின் கூரை

(பொழிவின் எழுத்து வடிவம்)

 

மொழியைப் பற்றிப் பேசவே என்னைப் பெரும்பாலும் அழைப்பீர்கள். இன்று வீட்டைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். இரண்டும் வேறு வேறு என்று நான் எண்ணவில்லை. 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்ததே 'வீடு' என்னும் சொல். உழைப்பின் களைப்பை விட்டு ஓய்ந்து தங்கும் இடம் அது. தன் மொழியில் பேச இயலாதவன் எவ்வாறு தன் நாட்டிலேயே அயலவன் ஆகின்றானோ, அவ்வாறே தன் மண்ணில் விளைந்த பொருளால் தனக்கொரு கூரை வேய்ந்துகொள்ள இயலாதவனும் தன் ஊரிலேயே வாடகைக்குடியாகின்றான். இந்த ஒன்றை உங்கள் நெஞ்சில் பதிய வைப்பதற்காகவே வந்திருக்கின்றேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியலுக்கு முன்னர், நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கசாப் புயல் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலக்கக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. நான்கு தலைமுறைக்குச் சோறிட்ட தோப்பு, முறிந்த தீக்குச்சிகளைக் கொட்டியதுபோல் கிடந்தது.

அப்புயலுக்குப் பின் சில கிழமைகள் கழித்துப் பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கூரை போன வீட்டின் சுவர்களுக்கு மேல் யாரோ கொடுத்த நெகிழித் தாள் ஒன்றைக் கட்டி, அதனடியில் ஒரு குடும்பம் இருந்தது. அவ்வீட்டின் கொல்லையில் இருபதுக்கும் மேற்பட்ட தென்னைகள் விழுந்து கிடந்தன. அவ்வீட்டு மூதாட்டி என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, தலைக்கு மேலே ஒன்றுமில்லை; காலடியிலே இவ்வளவு மரம் கிடக்கிறது. இதை அறுத்து அதை மூட ஒரு வழி இல்லையா?" 

தோழர்களே, அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அறுப்பதற்கு வாள் இல்லை. வாள் இருந்த இடத்தில், தென்னையை அறுக்கத் தெரிந்த ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில், தென்னஞ்சட்டத்தில் வீடு கட்டினால் அது வீடாகுமா என்னும் ஐயம். அரசு விழுந்த மரம் ஒன்றிற்கு 600 உருபா இழப்பீடும், அதனை வெட்டி அகற்றுவதற்கு 500 உருபாவும் அறிவித்தது. அதாவது, அந்த மரத்தைப் பயன்படுத்துவதற்கன்று, அகற்றுவதற்கே பணம் தரப்பட்டது. மரங்களில் பல செங்கற் சூளைக்குப் போயின. பல கிடந்த இடத்திலேயே மட்கின. மட்கிய மரத்தில் கொம்பு வண்டு முட்டையிட்டுப் பெருகும்; பெருகிய வண்டு, தப்பி நின்ற தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். கூரையாக வேண்டிய மரம், எஞ்சிய தோப்புக்கும் பகையாகிப் போயிற்று.

அம் மூதாட்டிக்கு அன்று சொல்லத் தவறிய விடையே இன்றைய என் பொழிவு.

சொல் இருக்கும் இடத்தில் தொழில் இருந்தது

வீட்டின் மேற்புறத்தைக் குறிக்க நம் மொழியில் எத்தனைச் சொற்கள் உள என்று எண்ணிப் பாருங்கள். முகடு, வளை, விட்டம், குறுக்குவிட்டம், கைமரம், வரிச்சு, இறவாணம், தாழ்வாரம், தூண், போதிகை, நிலை. ஒவ்வொன்றும் ஒரு மரத்துண்டின் பெயர், அல்லது அது தாங்கும் இடத்தின் பெயர். இத்தனை நுண்மையாகப் பெயரிட்ட இனம், இத்தனை நுண்மையாகக் கட்டியும் இருக்க வேண்டும் அன்றோ? பெரும்பாணாற்றுப்படை, ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குடிலைக் காட்டுகின்றது. நெடுநல்வாடை, நூலிட்டு அளந்து வகுத்த அரண்மனையையும், இரும்பு பிணித்துச் செவ்வரக்குப் பூசிய மரக்கதவையும் காட்டுகின்றது. எளியவன் குடிலுக்கும் அரசன் கோயிலுக்கும் இந்நிலத்தின் மரமும் ஓலையுமே பொருளாயின.

பனங்கை, பனைவாரை என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்த முதியோர் இங்கு இருப்பீர்கள். நெல்லையிலும் முகவையிலும் நூறாண்டு கண்ட ஓட்டு வீடுகளில் இன்றும் கருகருவென்று பனங்கை நிற்பதை நீங்கள் காணலாம். யாழ்ப்பாணத்தில் பனஞ்சட்டம் இல்லாத பழைய வீடே இல்லை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அங்கிருந்து பனஞ்சட்டங்கள் கப்பலேறி வெளியூர்களுக்குச் சென்றன. பின்னாளில் ஈழப் போரின்போது அதே பனைகள் வெட்டுண்டு பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. குண்டைத் தாங்கும் என்று நம்பி உயிரையே அதனடியில் வைத்த மக்கள் நம் உறவினர். அந்தப் பனையின் வலிமையை நமக்கு வேறு எவர் வந்து சொல்ல வேண்டும்?

செல்வர் கதை வேறு. செட்டிநாட்டு மாளிகைகளின் பெருந்தூண்கள் பருமாவிலிருந்து வந்த தேக்கு. இன்றும் தூத்துக்குடித் துறைமுகத்தில் அயல்நாட்டு அடிமரங்கள் வந்து இறங்குகின்றன. வெளியிலிருந்து வந்தால்தான் அது மரம், உள்ளூரில் நின்றால் அது விறகு என்னும் எண்ணம் அங்குத்தான் வேர் பிடித்தது. சொல்லுக்கு வடமொழியையும் ஆங்கிலத்தையும் நாடிய அதே மனம்தான், மரத்திற்குப் பருமாவையும் சீமையையும் நாடியது.

தொல்காப்பியர் கண்ட தச்சுநூல்

மரத்தைப் பற்றி நமக்கு ஒரு பேராசான் உளர். தொல்காப்பியர் தம் மரபியலில் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கின்றார். வெளிப்புறத்தில் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கின்றார். பனை, தென்னை, மூங்கில் ஆகியவை புல்லினம். தேக்கு, வேம்பு, வேங்கை ஆகியவை மரவினம். இன்றைய நிலைத்திணை நூலார் ஒருவித்திலை, இருவித்திலை என்று பகுக்கும் பகுப்போடு இது பெரிதும் ஒத்து வருவதை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

இது புலவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. தச்சனுக்கு இதுவே முதற்பாடம். வேம்பை அறுக்கும்போது வெளிப்புறத்து வெள்ளை மரத்தைக் கழித்து, நடுவிலுள்ள வயிரத்தைக் கொள்ள வேண்டும். தென்னையை அறுக்கும்போதோ, நடுவைக் கழித்து வெளிப்புறத்தைக் கொள்ள வேண்டும். இவ்வொரு வேறுபாட்டை மறந்தவர்களே, "தென்னை வீட்டுக்கு உதவாது" என்று தீர்ப்புக் கூறினார்கள். முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில் வெளிச்சுற்று மரம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை உடையது. அது விட்டத்திற்கும் கைமரத்திற்கும் ஆகும். 400 முதல் 600 கிலோ வரை உள்ள இடைப்பகுதி பலகைக்கும் தடுப்புக்கும் ஆகும். அதனினும் மென்மையான நடுப்பகுதி சுமை தாங்காது. அதனை விட்டத்திற்கு வைத்தால் வளையும், உளுக்கும். பிலிப்பைன் நாட்டினர் தென்னை மரத்தை ஆராய்வதற்கென்றே சம்போவாங்காவில் நிலையம் அமைத்து, இம்முறையில் தரம்பிரித்து வீடுகள் கட்டிக் காட்டினர். தொல்காப்பியர் வகுத்த பகுப்பை நம் கையில் வைத்துக்கொண்டு, நாமோ தென்னையைச் சூளைக்கு அனுப்பினோம்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளையர் 1927-இல் இயற்றிய இந்தியக் காட்டுச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்று எழுதி வைத்தது. அதனால் தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்லவும் உழவன் பல இடங்களில் இசைவுச்சீட்டுக்கு அலைந்தான். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2017-ஆம் ஆண்டு நடுவணரசு அச்சட்டத்தைத் திருத்தி, மூங்கிலை மரப் பட்டியலினின்று நீக்கியது. தொல்காப்பியரைப் படித்த ஒரு தமிழ்ப்பிள்ளை அச்சட்டம் எழுதிய அறையில் இருந்திருந்தால், தொண்ணூறு ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

எந்த மரம், எதற்கு?

காட்டை அழித்து வீடு கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீலமலைக் கூடலூர்க் காட்டைப் பற்றி எழுந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் உச்ச முறைமன்றம் பிறப்பித்த ஆணை, இந்தியா முழுமையும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் இட்டது. அது நல்லதே. காடு நம் ஆறுகளின் தாய். அதன்மேல் கை வைக்கலாகாது. நான் கூறுவது தோப்பிலும், வரப்பிலும், வேலியிலும், கண்மாய்க் கரையிலும் வளரும் மரங்களைப் பற்றி.

முதலாவது, காய்ப்பு ஓய்ந்த தென்னை. தமிழ்நாட்டில் 4 இலக்கம் எக்டேருக்கு மேல் தென்னை நிற்கின்றது. ஓர் எக்டேருக்கு 150 மரம் என்று குறைத்தே வைத்தாலும் 6 கோடி மரங்கள். ஒரு தென்னையை 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி நடுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 10 இலக்கம் மரங்கள் தாமாகவே விடைபெறும். இது புயலே இல்லாத ஆண்டுக் கணக்கு.

இரண்டாவது, சவுக்கு. இது வந்தேறி மரந்தான். ஆயினும் கடலூர், விழுப்புரம் பகுதிக் கடலோர உழவர்க்கு இன்று அது ஒரு பயிர். 4 முதல் 6 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். சாரம் கட்டவும், தாள் ஆலைக்கும் போகும் அந்தக் கழிகளைச் செப்பமிட்டுக் கூரைச் சட்டகத்திற்குப் பயன்படுத்தலாம். மண்ணில் மட்டும் நேரே புதைத்தலாகாது.

மூன்றாவது, மூங்கில். நான்காவது, வேம்பு, பூவரசு, வாகை போன்ற ஊர் மரங்கள். இவை நிலைக்கும் கதவுக்கும் பலகணிக்கும் போதும். மேட்டுப்பாளையம் வனவியற் கல்லூரியினர் பரப்பிவரும் மலைவேம்பு விரைந்து வளர்ந்து பலகைக்கு உதவுகின்றது. ஐந்தாவது, நம் கண்மாய்களை நிறைத்து நீரை உறிஞ்சும் சீமைக்கருவேலம். அதனை ஒழிக்க வேண்டும் என்று அனைவரும் சொல்கின்றனர். வெட்டியதைக் கரியாக்கி எரிப்பதே இதுவரை நாம் கண்ட வழி. கோணலும் குட்டையுமாய் இருந்தாலும் அதன் மரம் கல்லைப் போன்றது. பலகணிக் கம்புகளுக்கும், தரைப்பாவுக்கும், கதவின் சிறு சட்டங்களுக்கும் அது நன்கு பொருந்தும். பகையை வெட்டி வீட்டுக்குக் காவலாக நிறுத்தலாம் அல்லவா?

பனையைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டு முதல் அது நம் மாநில மரம். சூளைக்காக அதனை வெட்டித் தள்ளியது போதும் என்று, 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே உயிரோடு நிற்கும் பனையை வீட்டுக்காக வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தானே பட்டுப்போனது, புயலில் சாய்ந்தது, இசைவு பெற்று அகற்றப்படுவது ஆகியவற்றைச் சூளைக்கு விடாமல் தச்சனிடம் சேர்ப்போம் என்பதே என் வேண்டுகோள். ஒரு பனை தன் தாத்தன் காலத்து மழையைக் குடித்து வயிரமேறியது. அதனை ஒரு பொழுதில் செங்கல்லுக்குத் தீயாக்குவது நன்றியில்லாச் செயல்.

ஒரு கூரையின் கணக்கு

கணக்கில்லாத பேச்சு காற்றோடு போகும். ஆகவே ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, அகலம் 18 அடி. மொத்தம் 360 சதுர அடி. சுவர் செங்கல். மேலே இருபுறமும் சரிந்த ஓட்டுக் கூரை. நடுவில் ஒரு குறுக்குச் சுவர் முகட்டு வளையைத் தாங்கும். இரண்டடிக்கு ஒன்றாக 24 கைமரங்கள். ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 2 விரலம் அகலம், 4 விரலம் உயரம். (விரலம் என்று நான் சொல்வது அங்குலத்தை.) இதற்கு 16 கன அடி. முகட்டு வளைக்கும் சுவர் வளைக்கும் ஏறத்தாழ 7 கன அடி. 'இரீப்பர்' என்று இன்று தச்சர் வழங்கும் ஓட்டுச் சட்டங்களுக்கு 8 கன அடி. ஆக மொத்தம் 31 கன அடி. வெட்டுக் கழிவைச் சேர்த்து 35 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த தென்னையின் வலிய பகுதியை மட்டும் எடுத்தாலும், ஐந்தாறு மரங்களில் இக்கூரை அமைந்துவிடும்.

ஆண்டுதோறும் விடைபெறும் 10 இலக்கம் தென்னைகளில் பாதி நோய்ப்பட்டவை, இளையவை, வாகற்றவை என்று தள்ளிவிடுவோம். எஞ்சிய 5 இலக்கம் மரங்களைக்கொண்டு ஆண்டுக்கு எண்பதாயிரம் வீடுகளுக்குக் கூரை வேயலாம். 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, 2030-க்குள் 8 இலக்கம் வீடுகள் கட்டுவதாக ஒரு திட்டம் அறிவித்தது. ஒரு வீட்டிற்கு மூன்றரை இலக்கம் உருபா. முதலாண்டில் ஓரிலக்கம் வீடுகள். அவ்வீடுகளின் பெரும்பகுதிக் கூரை கற்காரை என்றே வகுக்கப்பட்டது. நம் மரத்தின் அளவும் அரசின் தேவையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்!

பணம் எங்கே போகின்றது என்பதையும் பாருங்கள். சிமிட்டிக்கும் கம்பிக்கும் கொடுத்த பணம் மறுநாளே ஊரை விட்டு வெளியேறுகின்றது. மரத்திற்கும் ஓட்டுக்கும் கொடுத்த பணம் தோப்புக்காரர்க்கும், அறுப்பவர்க்கும், தச்சர்க்கும், சுமப்பவர்க்கும், ஓட்டுச் சூளையார்க்கும் பிரிந்து ஊரிலேயே சுற்றுகின்றது. உலகில் வெளியாகும் கரிவளியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமிட்டி ஆக்கத்தால் வருவது. உலர்ந்த மரத்தின் எடையிலோ ஏறத்தாழப் பாதி, காற்றிலிருந்து அது எடுத்துக் கட்டிவைத்த கரியே. மரத்தை எரித்தால் அது மீண்டும் காற்றுக்குப் போகும். வீடாக்கினால் இரண்டு தலைமுறைக்கு நம் தலைக்கு மேல் அடங்கிக் கிடக்கும். வேனிலில் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதனைக் கக்கும் தட்டைக் கற்காரையின்கீழ்ப் படுத்தவர்க்கு, ஓட்டின் இடுக்கில் காற்று நுழையும் கூரையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அச்சங்களுக்கு விடை

தீ, செல், புயல் ஆகிய மூன்று அச்சங்களை மக்கள் எழுப்புவார்கள். அவை வெற்று அச்சங்கள் அல்ல. ஆகவே தட்டிக் கழிக்காமல் விடை சொல்கின்றேன்.

முதலில் தீ. 1968 திசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு சிறு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. 2004 சூலை 16-இல் குடந்தைப் பள்ளியொன்றின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். இவற்றை மறந்துவிட்டுக் கூரையைப் பற்றிப் பேச எனக்கு நாவெழாது. ஆனால் அங்கு எரிந்தது எது? கீற்று. கீற்று ஒரு நொடியில் பற்றும். பருமனான மரச்சட்டமோ மேற்புறம் கரியாகி, அக்கரியே உள்மரத்திற்குப் போர்வையாகும். ஒரு மணிப்பொழுதில் ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் ஆழமே தீ உட்செல்லும். மெல்லிய கைமரத்திற்கு இந்தக் காப்பு குறைவு. எனவே வளையும் விட்டமும் பருமனாக இருக்க வேண்டும். மேலே ஓடுதான் வேண்டும், கீற்றுக் கூடாது. அடுப்பங்கரைக்கு மேல் மரம் வெளித்தெரியாமல் பூசிவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு வாயில்கள் வேண்டும்.

அடுத்துச் செல்லும் உளுவும். நம் முன்னோர் மரத்தூணை மண்ணில் நடவில்லை, அடிக்கல்லின்மேல் நிறுத்தினர். வெட்டிய மரத்தையும் மூங்கிலையும் குளத்து நீரில் ஊறப்போட்டனர். உளுவுக்கு உணவாகும் இனிப்புச் சாறு நீரில் கரைந்து போய்விடும். இன்று அதனினும் வலிய முறை உண்டு. நம் மருத்துவர் அறிந்த வெங்காரம் மூன்று கிலோவும், போரிக்குக் காடி இரண்டு கிலோவும் நூறு லிட்டர் நீரில் கரைத்து, பச்சை மரச் சட்டங்களை அதில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால், அந்த உப்பு மரத்தின் உள்ளே பரவும். மழை படும் இடத்தில் இது கரைந்து போய்விடும். கூரைக்கு உள்ளே இருக்கும் மரத்திற்கே இது பொருந்தும். மரத்தைக் காக்கும் முறைகளுக்கென்றே இந்தியத் தர நிறுவனத்தின் 401-ஆம் எண் நெறிமுறை இருக்கின்றது. தென்னை விழுந்த சில கிழமைகளுக்குள் அறுத்து ஊறப்போட்டுவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் பூஞ்சணமும் வண்டும் முந்திக்கொள்ளும்.

மூன்றாவது புயல். ஓட்டுக் கூரையைப் புயல் மேலிருந்து அழுத்துவதில்லை, கீழிருந்து தூக்குகின்றது. கைமரம் வளையோடும், வளை சுவரோடும் இணைக்கப்படாமல் வெறுமனே எடையால் உட்கார்ந்திருப்பதே நம் பழைய கூரைகளின் குறை. முன்னோர் செய்தது அனைத்தும் முற்றும் சரி என்று நான் வாதிடமாட்டேன். சுவரின் மேல் கட்டிற்குள் மறையாணியைப் புதைத்து வளையைப் பூட்டுங்கள். ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் வளையோடு பிணியுங்கள். கடலோரத்தில் ஓட்டையும் கம்பியால் கட்டுங்கள். இறவாணத்தை அளவுக்கு மேல் நீட்டாதீர்கள். இந்தச் சிறு செலவு கூரையைக் காக்கும்.

மானத்தின் கேள்வி

இம்மூன்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவில் நின்று இதனைப் பேசியபோது, ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "ஐயா, எங்கள் பாட்டன்மார் ஓடு போடவும் விடப்படவில்லை. நாங்கள் இப்போதுதான் மச்சு வீடு என்று ஒன்றைக் கேட்கின்றோம். அதற்குள் நீங்கள் மறுபடியும் மரத்திற்குப் போகச் சொல்கின்றீர்களே?"

தோழர்களே, அந்தக் கேள்வியின் முன் தலை குனிந்தேன். அவர் கேட்டது முற்றிலும் உண்மை. குடிசை என்பது இந்நாட்டில் பொருளின் பெயராக மட்டும் இருந்ததில்லை. இழிவின் பெயராகவும் இருந்தது. ஓட்டு வீடு கட்டக்கூடாது, மாடி எழுப்பக்கூடாது என்று சில பகுதிகளில் சாதியின் பெயரால் தடுத்த கொடுமை நம் வரலாற்றில் உண்டு. அத்தகைய மக்களிடம் சென்று, "உங்களுக்கு மரமும் ஓடும் போதும், எங்களுக்குக் கற்காரை" என்று சொல்வது பச்சை வஞ்சகம்.

ஆகவே நான் அந்த இளைஞருக்குச் சொன்ன விடையை இங்கும் சொல்கின்றேன். இது ஏழைக்கென்று ஒதுக்கும் மரமாக ஒருநாளும் இருத்தலாகாது. முதல் மரக்கூரை ஊராட்சி மன்றத்திற்கு வேயப்படட்டும். அடுத்தது நூலகத்திற்கு. அதற்கடுத்தது மேடையேறித் தமிழ், தமிழ் என்று முழங்கும் நம்மைப் போன்றோர் வீடுகளுக்கு. அவற்றைக் கண்டு, தொட்டு, இரண்டு மழையும் ஒரு புயலும் கடந்த பின்னர், விரும்பும் மக்கள் தாமே கேட்டுப் பெறட்டும். கேளாதவர்க்குக் கற்காரை வீடே தரப்படட்டும். தெரிவு என்பது வீட்டுக்காரரின் உரிமை. இன்று அந்தத் தெரிவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நாம் கேட்பவை

நடுவண் பொதுப்பணித் துறை 1993-ஆம் ஆண்டு கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. 2020-ஆம் ஆண்டு அத்தடையை நீக்கிக்கொண்டது. தடை போயிற்று, பழக்கம் போகவில்லை. ஆகவே நாம் ஐந்தைக் கேட்போம்.

ஒன்று: அரசின் வீட்டுத் திட்டங்களில், தரம்பிரித்துச் செப்பமிட்ட உள்ளூர் மரமும் ஓடும் கொண்ட கூரையை, கற்காரைக்கு இணையான தெரிவாக ஏற்க வேண்டும்.

இரண்டு: ஒன்றியத்திற்கு ஒன்றாக, இழுத்துச் செல்லக்கூடிய அறுவை வாளும், ஊறவைக்கும் தொட்டியும் வேண்டும். தென்னை வாளின் பல்லை விரைவில் மழுக்கும். அதற்கேற்ற கடும்பல் வாளே வாங்கப்பட வேண்டும். அடுத்த புயல் வருமுன் அவை அணியமாக இருக்க வேண்டும்.

மூன்று: தொழிற்பயிற்சி நிலையங்களில் கூரைத்தச்சு தனிப் பாடமாக வேண்டும். அது ஒரு குலத்தின் தொழிலாக அடைபட்டுக் கிடக்காமல், ஆண் பெண் அனைவர்க்கும் திறக்கப்பட வேண்டும். பாடமும் கருவிப் பெயரும் தமிழில் இருக்க வேண்டும்.

நான்கு: புயலில் மரம் விழுந்தால், அகற்றுவதற்குக் கொடுக்கும் பணத்தை அறுத்து அடுக்குவதற்குக் கொடுக்க வேண்டும்.

ஐந்து: வெட்டிய ஒன்றிற்கு ஐந்து நட்டு, அவற்றுள் எத்தனை பிழைத்தன என்று மூன்றாம் ஆண்டில் ஊராட்சி எண்ணிப் பதிய வேண்டும். நட்ட கணக்கு எவரும் எழுதுவர். பிழைத்த கணக்கே கணக்கு. வளர்ந்ததற்கு மேல் வெட்டும் ஊர், தன் பிள்ளையின் கூரையைத் திருடுகின்றது.

இவற்றை அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. இங்கு வந்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பட்டுப்போன மரங்களை எண்ணுங்கள். பனங்கை பார்த்துப் பழகிய முதிய தச்சர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் அறிந்த அளவையும், பொருத்தையும், பெயரையும் எழுதி வையுங்கள். அவர் மறைந்தால் ஒரு தொழிலோடு ஐம்பது தமிழ்ச் சொற்களும் மறையும். சொல்லைக் காக்க அகரமுதலி மட்டும் போதாது, தோழர்களே. அச்சொல்லுக்குரிய பொருள் நம் வீட்டில் நின்றால்தான் அச்சொல் வாழும். 'கைமரம்' என்னும் சொல் பிழைக்க வேண்டுமானால், நம் தலைக்கு மேல் ஒரு கைமரம் இருக்க வேண்டும்.

அந்த மூதாட்டியிடம் மீண்டும் சென்றால் நான் சொல்வேன்: "ஆம் தாயே, வழி இருந்தது. மரம் உங்களிடம் இருந்தது, அறிவு நம் நூலில் இருந்தது, கை நம் தச்சரிடம் இருந்தது. மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கத் தவறியவர்கள் நாங்கள்." அடுத்த புயலுக்குப் பின்னும் இதே விடையைச் சொல்ல நேர்ந்தால், நாம் தமிழரென்று மார்தட்டுவதில் பொருளில்லை.

நம் மண்ணின் மரம் நம் மக்களுக்குக் கூரையாகட்டும்! நம் மொழியின் சொல் நம் தொழிலுக்கு உயிராகட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் உழைப்பு!